உளவியல் ஆய்வுகள் வீட்டுக்கும் வயலுக்கும் உதவுமா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டி, பேராவூரணி பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம், பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஊர் நூலகம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உளவியல் பற்றிப் பேசி வருகிறேன். பேச்சு முடிந்து டீ வரும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

"டீச்சர், இந்த ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவுல காலேஜ் பசங்களை உக்காரவெச்சுப் பண்றது. நம்ம ஊருக்கு ஒத்து வருமா?"

இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கே வந்ததுதான். முன்னணி உளவியல் இதழ்களில் வரும் ஆய்வுகளில் கலந்துகொள்பவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் பேர் மட்டுமே வாழும் மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயான் ஆகியோர் 2010-ல் எடுத்துக்காட்டினார்கள். 2015-ல் ஒரு பெரிய குழு, ஏற்கெனவே வெளிவந்த 100 ஆய்வுகளை முதலிலிருந்து செய்து பார்த்தது. முன்பு பார்த்த அதே விளைவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தது 36 சதவீத ஆய்வுகளில்தான்.

அதனால் எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டியதில்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புது நெல் ரகம் வந்தால் உடனே அஞ்சு ஏக்கரிலும் விதைத்துவிடுவீர்களா? ஒரு மா நிலத்தில் மட்டும் போட்டுப் பார்த்து, தூர் எப்படிக் கட்டுகிறது, மழைக்குச் சாய்கிறதா என்று கவனித்துவிட்டுத்தானே அடுத்த வருஷம் கூட்டுவீர்கள்? நானும் அப்படித்தான் பொறுக்குகிறேன். பலர் பல இடங்களில் செய்து பார்த்தும் நிற்கிற ஆய்வு, நம் ஊர் போன்ற இடத்திலேயே நடந்த ஆய்வு, தப்பாகவே இருந்தாலும் செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லாத யோசனை. இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் கூட்டத்தில் சொல்வேன்.

"ஐப்பசி, கார்த்திகையில எனக்கு எதுவுமே ஓட மாட்டேங்குது. பையன் பேரையே மாத்திக் கூப்புடுறேன். வயசாயிடுச்சா?"

வயசும் இருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் கையில் காசு எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உழவு, நடவுக் கூலி, உரம் எல்லாம் செலவழிந்து சம்பா வயலில் நிற்கிறது. தீபாவளி வந்து போய்விட்டது. நெல் காசாகி வர தை கடைசி, மாசி ஆகும். ஒவ்வொரு வாரமும் யாருக்கு எதைக் கொடுப்பது என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். வெட்டுக்கு முன்னால் ஒருமுறை, வெட்டு முடிந்து பணம் வந்த பின் ஒருமுறை, அதே ஆட்களுக்கு அதே மாதிரியான புதிர்கள். ஒரு கோலத்தில் விடுபட்ட துண்டு எது? '5 5 5' என்று எழுதியிருந்தால் எத்தனை எண்கள் இருக்கின்றன? (மூன்று என்று சொல்ல வேண்டும். வாய் 'அஞ்சு' என்றுதான் போகும்.) பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் பதில் சொன்னார்கள். ஆலை எல்லாருக்கும் ஒரே மாதத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும்போது அடுத்தவருக்குக் கரும்பு நின்றுகொண்டிருக்கும். அதனால் பண்டிகையோ வெயிலோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வு 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 2016-ல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இப்படிச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. எனவே எவ்வளவு பாதிப்பு, எந்த நிலைமையில் என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு நாலு நாள் காத்திருப்பதும், வருஷத்துக்கு ஒரே தடவை வரும் காசுக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன்.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பெரிய முடிவுகளை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். குத்தகையைப் புதுப்பிப்பது, மாடு வாங்குவது, பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று பேசுவது, எதுவானாலும் சரி. தள்ள முடியாத காரியம் என்றால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு ராத்திரி தாண்டட்டும், கூட ஒரு ஆள் வரட்டும். குழுக் கடன்காரர் வாசலில் நின்று "வாரம் எழுநூறுதாம்மா" என்று சொல்லும்போது, அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் 52-ஆல் பெருக்கி எழுதச் சொல்லுங்கள். 30,000 வாங்கினால் 36,400 கட்டுகிறோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வாரக் கணக்கு மட்டுமே காதில் விழுந்தால் மொத்தக் கணக்கு மனசில் ஏறாது, அதுவும் கார்த்திகையில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிவத்தைத் தப்பாக நிரப்பிய விவசாயியைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்று யாராவது கத்தும்போது எனக்கு மனசு பதறும். அந்த ஆளுக்குத் தெரியும். அந்த மாதத்தில் அவர் தலையில் வேறு இடம் இல்லை.

"நெல் வித்த காசு பத்து நாள்ல போன இடம் தெரியல. அடகு வெச்ச நகையைத் திருப்பவே முடியல."

என் பாட்டி வீட்டில் பூஜை மாடத்துக்கு மேலே ஓர் ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்து முடிந்த ஒரு ரூபாய்க் காசுகள். வீட்டில் அரிசி இல்லாமல் பக்கத்து வீட்டில் மரக்காலோடு போய் நின்ற நாளில்கூடப் பாட்டி அந்த முடிச்சைத் தொட்டதில்லை. காசு எல்லாம் ஒரே காசுதான். ஆனால் முடிந்து வைத்த காசு செலவாகாது.

திலீப் சோமன், அமர் சீமா ஆகிய இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இந்தியாவில் கட்டட வேலை செய்யும் தொழிலாளர்களிடம் செய்தது. கூலியில் சேமிப்புக்கு என்று ஒதுக்கிய தொகையைக் கவரில் ஒட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒரே கவர், சிலருக்கு அதே தொகை இரண்டு கவர்களில். சிலருடைய கவரின் மேல் அவர்கள் பிள்ளைகளின் படம். இரண்டு கவர் வாங்கியவர்கள் அதிகம் சேமித்தார்கள், பிள்ளை படம் இருந்த கவர் இன்னும் நன்றாகக் காத்தது. ஒட்டிய கவரைக் கிழிக்கும் ஒவ்வொரு முறையும் 'இது எதற்காக வைத்தது?' என்று கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணம்தான் வேலை செய்கிறது.

இதைக் கோட்டூர்ப் பக்கம் ஒரு குழுவில் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு அக்கா தன் கவரைக் காட்டினார். அதன் மேல் அவருடைய கல்யாண போட்டோவிலிருந்து கழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார். அடகில் இருக்கும் அதே சங்கிலி, படத்தில் மங்கலாகத் தெரிந்தது. "கிழிக்கப் போனா கழுத்து என்னையப் பாக்குது டீச்சர்" என்றார்.

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் வருகிறதே, கவருக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். இன்னொரு கணக்கு தொடங்கி ஏடிஎம் கார்டு வாங்காமல் விடுங்கள். அதுதான் கவர். அல்லது பணம் ஏறிய அன்றைக்கே நகைக் கடன் வைத்த இடத்துக்குப் போய் அசலில் ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். முழுசாகத் திருப்பும் அளவுக்குச் சேரட்டும் என்று காத்திருந்தால் சேராது.

"21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்கறாங்களே?"

இல்லை. 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்று திரிந்து அப்படி ஆனது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு காரியம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகும், உடற்பயிற்சி மெதுவாகத்தான் பழகும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் கெட்டுவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 22-ஆம் நாள் 'எனக்கு வராது' என்று விட்டவர்கள் தாராளமாகத் திரும்ப ஆரம்பிக்கலாம்.

"சர்க்கரை மாத்திரையை மறந்து மறந்து போறேன். எனக்கு மனஉறுதி பத்தல போல."

இதற்கும் மனஉறுதிக்கும் சம்பந்தமில்லை. 'தினமும் மாத்திரை போடணும்' என்பது ஆசை. அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மட்டும் வயலுக்கு வந்துவிடாது, மடை திறந்திருக்க வேண்டும்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழி மிக எளிது. 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறும் உறுதிமொழியைவிட இது நன்றாகவே உதவியது. என் பட்டியலில் நம்பி விதைக்கக்கூடிய ரகம் இது.

வாக்கியத்தின் முதல் பாதி, நீங்கள் எப்படியும் தவறாமல் செய்கிற காரியமாக இருக்க வேண்டும். 'காலையில்' என்று சொன்னால் போதாது, காலை ரொம்ப நீளம். 'காலைச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்ததும் மாத்திரை டப்பாவைத் தட்டு ஓரத்தில் வைப்பேன்' என்றால் பிடி கிடைக்கும். டப்பாவும் தட்டு அடுக்கிலேயே இருக்கட்டும், பீரோவில் வேண்டாம். எப்போது போடுவது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை டாக்டர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சிக்கும் இதேதான்: 'பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்குள் போகாமல் நேரே ஆற்றங்கரைச் சாலைக்குத் திரும்புவேன்.' வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அன்றைய நடை போச்சு.

"பையன் நாலு தடவ படிக்கிறான். பரீட்சையில ஒண்ணும் வரல. மண்டையில ஏறலயா?"

ஏறியிருக்கிறது. எடுத்துப் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-ல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே முறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நான்கு முறை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே! திரும்பத் திரும்ப வாசித்தால் 'தெரியும்' என்ற நினைப்புதான் வளரும். பையன் பொய் சொல்லவில்லை. ராத்திரி உண்மையிலேயே தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

எனவே வாசிப்பு ஒரு தடவை போதும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் சொல்லட்டும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத ஆயா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பேத்தியிடம் கேட்கிறார்: "ஒளிச்சேர்க்கைன்னா என்னடி? இலை எதுக்குப் பச்சையா இருக்கு? எனக்குப் புரியல, திரும்பச் சொல்லு." அவ்வளவு நல்ல பரீட்சை எந்த டியூஷனிலும் கிடைக்காது. பேத்தி தடுமாறும் இடம் எதுவோ அதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. இன்றைக்கு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று இடைவெளி விட்டுக் கேட்டால் இன்னும் நிற்கும். நேரம் விட்டுப் படிப்பதன் பலனை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் மேல் சோதித்து எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் செய்து பார்த்தும் அது பொய்க்கவில்லை.

"மூணு போர் போட்டாச்சு, மூணும் உப்பு. இவ்வளவு செலவு பண்ணிட்டு விடவும் மனசு வரல. நாலாவது போடலாமா?"

கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதைப் பற்றி நீரியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் சொல்ல முடிவது அந்த 'மனசு வரல' என்பதைப் பற்றி மட்டும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், நாடகங்களுக்கு வருஷ டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். நாடகம் ஒன்றுதான், இருக்கை ஒன்றுதான். முழு விலை கொடுத்தவர்கள்தான் அடுத்த சில மாதங்களில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போன காசு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது.

உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்த நிலத்தை இன்றைக்குத்தான் வாங்கியிருக்கிறேன், இதற்கு முன் யாரும் இங்கே ஒரு பைசா செலவழிக்கவில்லை, அக்கம்பக்கத்தில் மூன்று இடத்தில் உப்பு என்று தெரியும். போடுவேனா? அந்தப் பதில்தான் நான்காவது போருக்கும் பதில்.

"வீட்டு வேலை ஆடிக்குள்ள முடியும்னாங்க. கார்த்திகை ஆயிடுச்சு."

எல்லா ஊரிலும் இப்படித்தான். 1994-ல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் கேட்டபோது, தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள் மாணவர்கள். ஆனது 55 நாளுக்கு மேல். மேஸ்திரியிடம் 'எப்போ முடியும்?' என்று கேட்காதீர்கள். 'போன மூணு வீடு முடிய எத்தனை மாசம் ஆச்சு?' என்று கேளுங்கள்.

"வாய்க்கா தூர்வார வாங்கன்னு வாட்ஸ்அப்ல போட்டா எல்லாரும் கைகூப்புற பொம்மை போடுறாங்க. ஒருத்தரும் வரல."

ஊரில் நல்லவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே 1968-ல் செய்த சோதனையில், பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பது போன்ற குரல் கேட்டது. தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் குரல் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் காரணம்.

பொதுவாகக் கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'மதகிலிருந்து புளியமரம் வரை இந்த மூன்று வீடு, புளியமரத்திலிருந்து பாலம் வரை இந்த நான்கு வீடு' என்று பிரித்துவிடுங்கள். தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"யூடியூப்ல பாத்தேன். மிட்டாயை உடனே தின்னாத புள்ளதான் பெரிய ஆளாகுமாம்?"

ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லி, பிள்ளைகள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று பார்த்த அந்தச் சோதனை உண்மையானதுதான். ஆனால் 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தபோது, குடும்ப வருமானம், தாயின் படிப்பு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் மிட்டாயின் மகிமை பெரும்பாலும் கரைந்துவிட்டது. நாளைக்கும் மிட்டாய் கிடைக்கும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை பொறுமையாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் உடம்பிலேயே தைரியச் சுரப்பு கூடும் என்பதும் மறுபடி செய்து பார்த்தபோது நிற்கவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-ல் 'எனக்கு அதில் நம்பிக்கையில்லை' என்று அறிவித்தார். 'இவன் பார்த்துப் படிக்கிற பிள்ளை, இவள் கேட்டுப் படிக்கிற பிள்ளை' என்று பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் எழுதினார்கள். அதை வைத்துப் பணம் கேட்கும் பயிற்சி வகுப்புகள் நம் ஊர்களுக்கும் வருகின்றன. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நாலு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

"படுத்தா நாளைக்கு என்னென்ன வேலைன்னு ஓடிக்கிட்டே இருக்கு. தூக்கம் வரல."

படுக்கும் முன் ஐந்து நிமிஷம் நாளைய வேலைகளைத் தாளில் எழுதுங்கள். 2018-ல் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 57 இளைஞர்களிடம் சோதித்ததில், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னால் தூங்கினார்கள். சின்ன ஆய்வு, சின்னப் பலன், செலவு ஒரு தாள். விவரமாக எழுதினால் நல்லது. 'உரம்' என்று எழுதாமல் 'காலையில் சொசைட்டியில் யூரியா ரெண்டு மூட்டை, ஆதார் கார்டு எடுத்துப் போகணும்' என்று எழுதுங்கள்.

"கஜாவுல தோப்பு போனதுலேர்ந்து அப்பா அந்தப் பக்கமே போகல. அதைப் பத்திப் பேசவும் மாட்டேங்குறாரு. உக்காரவெச்சுப் பேச வெச்சா சரியாகுமா?"

பேராவூரணியில் ஒரு மகள் என்னிடம் கேட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னைகள் ஒரே ராத்திரியில் போயின. தென்னங்கன்றை நாம் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். இருபது, முப்பது வருஷம் வளர்த்த பிள்ளைகளை அவர் ஒரு காலையில் வரிசையாகக் கிடக்கப் பார்த்திருக்கிறார். அவர் பேசாமல் இருப்பதை நோய் என்று உடனே சொல்லிவிட மாட்டேன்.

வற்புறுத்திப் பேச வைக்க வேண்டாம். பெரிய துயரம் நடந்தவுடன் ஆட்களை உட்கார வைத்து 'என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள்' என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2002-ல் எழுதினார்கள். ஓர் ஆய்வில் அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களின் நிலை மோசமாகவே ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது மூன்று: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார். அவர் பேசினால் கேள். வேண்டிய உதவியோடு இணைத்து விடு.

ஆனால் வருஷக்கணக்காகத் தோப்புப் பக்கமே போகாமல் வீட்டுக்குள் முடங்குவது வேறு விஷயம். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2017-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தருவது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று 6 முதல் 8 சந்திப்புகளில் உதவினார்கள். மனசு சரியானதும் வேலைக்குப் போகலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த சின்னச் சின்னக் காரியங்களை மறுபடி செய்ய வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் மீண்டார்கள்.

அந்த மகளிடம் நான் சொன்னது: தோப்புக்குப் போகலாம் என்று சொல்லாதே. முதல் வாரம் தோப்புக்கு முன்னால் இருக்கும் டீக்கடைவரை பேரனோடு போய் வரட்டும். அப்புறம் வரப்புவரை. அவர் நின்றால் நீயும் நில், 'அழாதப்பா' என்று சொல்லாதே. சில மாதம் கழித்து அவள் போனில் பேசினாள். பேரன் ஒரு தேங்காய் நெற்றைக் கையில் எடுத்துக்கொண்டு 'இது முளைக்குமா தாத்தா?' என்று கேட்டானாம். அதைக் காதருகே ஆட்டிப் பார்த்து, 'தண்ணி இருக்கு, முளைக்கும்' என்றாராம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு இல்லாமல் இருந்தால், 'நான் இருந்து என்ன' என்று பேசினால், காத்திருக்கக் கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

"சாகணும்னு நெனைக்கிறவங்களை யாராலும் தடுக்க முடியாது, இல்லையா டீச்சர்?"

தடுக்க முடியும். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் கூட்டத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வேன். நம் கிராமங்களில் நடக்கும் பல தற்கொலை முயற்சிகள் நாள்கணக்கில் திட்டமிட்டவை அல்ல. ஒரு சண்டை, ஓர் அவமானம், கடன்காரர் சொன்ன ஒரு சொல். அந்த ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் பூச்சி மருந்து இருக்கிறதா என்பதில்தான் பல உயிர்கள் நிற்கின்றன.

இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அதன்பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. நமக்கு இன்னும் பக்கத்தில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் இரண்டு கிராமங்களில் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கப் பெட்டகங்கள் அமைத்தார்கள். பெட்டகம் இல்லாத வேறு இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டகம் வைத்த ஊர்களில் பூச்சி மருந்துச் சாவுகள் குறைந்திருந்தன. யாருடைய மனசையும் யாரும் மாற்றவில்லை. டப்பா இருந்த இடத்தை மாற்றினார்கள்.

எனவே இன்றைக்கே செய்யுங்கள். மிச்ச மருந்தை அடுப்படிப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். யாராவது மனசு நொந்து பேசினால் 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், 14416-க்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போன் போடுங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பழைய மோட்டார் கொட்டகையில் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் இரண்டு சாவி. மருந்தடிக்க வேண்டியவர் முதல் நாள் சாயந்திரமே சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் சாவிக்காரர்கள் இருவரும் வந்து திறந்து, எடுத்ததை நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு சாவி வைத்திருக்கும் பெரியவர் அதைத் தன் அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.